டார்கஸின் மரு

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கா. பிப்ரவரிக் குளிரில், கனெக்டிகட் சிறையறையில் டார்கஸைத் துணி களைந்து நிற்க வைத்திருந்தார்கள். சூனியக்காரி என்று புகார். சூனியக்காரி உடம்பில் பிசாசு பால் குடிக்கக் காம்பு மாதிரி ஒரு மரு இருக்குமாம். ஊசியால் குத்தினால் வலிக்காதாம். இருந்தால் தூக்கு, இல்லையென்றால் வீடு. சட்டம் போட்டது ஆம்பிளைகள், துணி உரிக்கிற வேலை மட்டும் பொம்பளைகளுக்கு! தேடிப் பார்க்க ஐந்து பெண்களை அனுப்பியிருந்தார்கள்.

ஊரில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி மெஹிட்டபெல் கையில் ஊசி இருந்தது. டார்கஸின் அக்குளுக்குக் கீழே சின்னதாக ஒரு மரு தொங்கியது.

"இதோ இருக்கே! குத்துடி," என்றாள் பாதிரியார் மனைவி பேஷன்ஸ்.

குத்தினாள். டார்கஸ் அசையவே இல்லை.

"வலிக்கலையா?"

"எங்க குத்தினீங்கன்னே தெரியலக்கா. குளிர்ல உடம்பே மரத்துப்போச்சு."

மெஹிட்டபெல்லுக்கு மனசு குறுகுறுத்தது. அவள் இடுப்பிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அதைக் குத்தினால் என்ன ஆகும்? தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் பாவாடையை நெகிழ்த்திக் குத்திக்கொண்டாள்.

"அடியே, எனக்கும் வலிக்கலடி!"

"வாயை மூடு!" என்ற பேஷன்ஸின் கை தன் கழுத்துத் துணிக்குப் போனது.

"நீயும்தான் குத்திப் பாரேன். இங்க யாரு பார்க்கப்போறா?"

ஊசி கைமாறியது. ஐந்து பேரில் நாலு பேருக்கு மரு இருந்தது, ஒருத்திக்கும் வலிக்கவில்லை. ஐந்தாமவள், "எனக்கு மட்டும் இல்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, டார்கஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"குறி இருந்ததா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"பொம்பளைங்களுக்கெல்லாம் இருக்கிற மருதாங்க ஐயா," என்றாள் மெஹிட்டபெல்.

"எல்லாருக்கும் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மெஹிட்டபெல் திரும்பிப் பார்த்தாள். நாலு தலையும் குனிந்திருந்தன. பாவிகளா! தனக்கு இருப்பதைச் சொன்னால் டார்கஸோடு அவளுக்கும் தூக்கு. பேறு பார்க்கிறவள் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்று அவள் பைபிள் மேல் சத்தியம் செய்தவள். இருபது வருஷமாக அதை மீறியதில்லை.

"ஊர்ல முக்கால்வாசிப் பிள்ளைங்க என் கையில பிறந்ததுங்க, ஐயா. உங்க வீட்டம்மாவுக்கும் மூணு பிரசவம் நான்தான் பார்த்தேன். அவங்களுக்கு எங்க இருக்குன்னு சபையில சொல்லட்டுமா?"

மாஜிஸ்திரேட்டின் முகம் வெளுத்தது. எழுத்தரைப் பார்த்து, "குறி எதுவும் இல்லைன்னு எழுது," என்றார்.

வெளியே வந்ததும் பேஷன்ஸ் மெஹிட்டபெல்லின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவர் கேட்டிருந்தா என்னுதையும் சொல்லியிருப்பியா?"

"டார்கஸுக்காகச் சொல்லியிருப்பேன்."

பேஷன்ஸ் கையை விட்டுவிட்டாள். அதற்கு மறுவாரம் பேஷன்ஸின் மகளுக்கு இடுப்பு வலி கண்டது. பக்கத்து ஊரிலிருந்து வேறு மருத்துவச்சியை வரவழைத்தார்கள். அதற்குப் பிறகு மெஹிட்டபெல்லை எந்த வீட்டிலும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை.