பஸ் ஸ்டாப் யானையும் மூன்றடுக்குத் தேரும்

ஒச்சாண்டி இரண்டாவது அடுக்கோடு கட்டுகிற வேலையை முடித்துவிட்டு அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுருளிவேல் வந்து பாடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நாலு மூலையையும் அசைத்துப் பார்த்தார். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த மிச்ச மூங்கிலைப் பார்த்தார்.

"எங்கய்யாவுக்குத் தேரு எத்தன அடுக்கு கட்டுன?"

"மூணு."

"தம்பிக்கு ஏன் ரெண்டு? மிச்ச மூங்கில் எவன் வீட்டுக் கூரைக்குப் போகுது?"

"ஒங்க சந்தேகத்துக்கு ஒரு அளவு வேணாமாண்ணே? மூணு போட்டா ஒசரம் ஏறிரும். பஸ் ஸ்டாப்புல ஆனை..."

"ஆனைப் பேச்ச எடுக்காத. கெடக்குறது என் தம்பி. மூணு போடு."

ஒச்சாண்டி முப்பது வருடமாகக் காமயகவுண்டன்பட்டியில் பாடை கட்டுகிறவன். சாவு வீட்டில் எவரோடும் வாதாடுவதில்லை என்பது அவன் பழக்கம். மூங்கிலை எடுத்தான்.

சுருளிவேல் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தம்பி கர்ணனை வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தென்னந்தோப்பில் மோட்டாரை மாட்டிவிட்டு, சத்தம் சரியாக வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மோட்டார் நன்றாகத்தான் ஓடியதாம். வயது அறுபத்தாறு. சுருளிவேலுக்கு எழுபத்திரண்டு. மூத்தவன் நிற்கும்போது இளையவன் போனது, வரிசையில் எவனோ இடையில் புகுந்து போனதுபோல இருந்தது அவருக்கு. ரேஷன் கடையில் அப்படிப் போக எவனையும் அவர் விட்டதில்லை.

கேதத்துக்கு வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். எதிர்வீட்டு மாயக்காள்தான் ராகம் எடுத்துக் கொடுத்தாள்.

"ஓட்டச் சட்டி குடுத்தாலும் எங்கண்ணே
ஒதுக்காம வாங்குனீகளே
ஓடாத டிஷ்ஷெடுத்து எங்கண்ணே
ஆனைக்குக் காதாக வச்சீகளே"

சுருளிவேல் பல்லைக் கடித்தார். காலையிலிருந்து இதே கதை. ஒருத்தி தன் வீட்டு ஈயக் குண்டானைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி மருந்து டிரம்மைச் சொல்லி அழுதாள். செத்தவனுக்கு அழுகிறார்களா, கொடுத்த சாமானுக்கு அழுகிறார்களா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அந்தத் தகர யானை வந்து இரண்டு வருடம் ஆகிறது. கர்ணனுக்குப் பம்புசெட் மெக்கானிக் வேலை. பஸ் ஸ்டாப்பில் ஊர்க் குப்பை சேர்ந்து நாறுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் வெல்டிங் பட்டறை விஜயபாண்டியைக் கூட்டிக்கொண்டு, யானை செய்யப் பழைய சாமான் கேட்டுச் சாக்கோடு வீடு வீடாக ஏறினான். வயிற்றுக்குத் திராட்சைத் தோட்டத்து மருந்து டிரம்கள். தோலுக்கு நசுக்கிய தகரமும் உடைந்த வளையலும். கேபிள் வந்த பிறகு மாடியில் சும்மா கிடந்த டிஷ் ஆண்டெனா இரண்டு, காதாயின. வாலுக்கு சைக்கிள் செயின். ஊரே கூடி வேலை பார்த்தது. அதோடு நின்றிருக்கலாம். தண்ணீர் வற்றிய போர்வெல்களிலிருந்து உருவிய பைப்புகளை ஒட்டி ஒட்டித் தும்பிக்கை செய்து, அதை ரோட்டுக்கு மேலே வளைவுபோல நீட்டி, எதிரே வாய்க்கால் கரையில் ஒரு தூணில் உட்காரவைத்துவிட்டான் கர்ணன். ஊருக்குள் வருகிறவர் எவரானாலும் அதற்குக் கீழேதான் வர வேண்டும். டவுன் பஸ்ஸை நிறுத்தி, டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கூரையை அளந்து அதற்கு மேல் ஒரு சாண் விட்டு உயரம் வைத்தான். வைக்கோல் லாரியை அளக்கவில்லை. அன்றிலிருந்து வைக்கோல் லாரிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

எல்லா வீட்டுச் சாமானும் யானையில் உண்டு. சுருளிவேல் வீட்டுது மட்டும் கிடையாது. சாக்கோடு வந்த தம்பியிடம், "எவனோ ஒன்னய வச்சு போட்டோ புடிச்சுப் பேரு வாங்கப் போறான், போ" என்று கதவைச் சாத்தினார். தேனியிலிருந்து கேமராவோடு ஆள் வந்த அன்று, "சொன்னேன்ல" என்று தம்பியைத் தேடிப் போய்ச் சொன்னார். தும்பிக்கை தாழ இருக்கிறது, வெட்டு என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அந்த வழியாகப் போக நேர்ந்தால் முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டு போவார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவன் சாவு என்பதால் கொட்டுக்கும் வெடிக்கும் குறைவில்லை. பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். மூன்று அடுக்கும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையுமாகத் தேர் அசைந்து வந்தபோது சுருளிவேலுக்கு மனது நிறைந்தது. அப்பனுக்கு ஒரு விரற்கடை குறையவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒச்சாண்டி கையை உயர்த்தி, "நில்லுங்க" என்றான்.

கொட்டு நின்றது. தேரின் மூன்றாவது அடுக்கு முழுவதும் தும்பிக்கை உயரத்துக்கு மேலே நின்றது. ஒரு பக்கம் கடைகள், மறு பக்கம் வாய்க்கால். தூக்கிய தேர் வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது. பாதி வழியில் இருக்கிற இறக்குகல்லுக்குப் போகும்வரை தரையிலும் படக் கூடாது. எதிரே டவுன் பஸ் வந்து நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அண்ணே, அப்பவே சொன்னேனே என்று ஒச்சாண்டி சொல்லவில்லை. சுருளிவேல் முகத்தைப் பார்க்காமல், "மேல் அடுக்கப் பிரிச்சுரவா?" என்றான்.

"தூக்குன தேருல கை வப்பியா? அவனென்ன அனாதையா?"

விஜயபாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "பெரியப்பா, தும்பிக்கைய வேணா வெட்டிரட்டுமா? பட்டறையில கட்டர் இருக்கு, பத்தே நிமிசம். அப்பறமா ஒட்டிக்கிரலாம்." சொல்லும்போது அவன் யானையின் பக்கம் பார்க்கவில்லை.

"எங்கன வெட்டுவ?" என்றான் முன்னால் தோள் கொடுத்திருந்தவன்.

"ரெண்டாவது மூட்டுல."

"அது எங்க போரு பைப்புடா. அங்கன கை வைக்காத."

"அப்ப இங்கிட்டு."

"இங்கிட்டு எங்களது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நடுவுல வெட்டு."

"நடுவுல எவம்பைப்புன்னு தெரியும்ல? பாரம் சுமக்குறவன் பைப்புன்னா ஒங்களுக்கு எளக்காரமாப் போச்சு" என்றான் நடுவில் தோள் கொடுத்திருந்தவன்.

பன்னிரண்டு பேரும் தேரைச் சுமந்துகொண்டே சண்டை போட்டார்கள். தேர் ஆடியது. கடைசியில் விஜயபாண்டி, "பெரியப்பா, நீங்களே சொல்லுங்க. இதுல ஒங்க சாமான்தான் ஒண்ணும் இல்ல" என்றான்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

வெட்டு என்ற சொல் இரண்டு வருடமாக அவர் நாக்கு நுனியில் இருப்பது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று இந்த ஊரில் சொன்ன எதையும் எவனும் ஒட்டி அவர் பார்த்ததில்லை. ஒட்டுகிறவன் தேருக்குள் படுத்திருந்தான்.

பெண்கள் பஸ் ஸ்டாப்போடு திரும்ப வேண்டும். கடைசி முறை பார்க்க அங்கே நின்றிருந்த ராக்கம்மாள், கர்ணனின் மனைவி, மாயக்காளின் பிடியை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"அத்தான், ஒங்க தம்பி இதுக்கு ஒரு வழி சொல்லிருக்காக."

"எதுக்கு?"

"நீங்க தாழ இருக்கு தாழ இருக்குன்னு சத்தம் போட்டீகள்ல, அன்னைக்கு வீட்டுல வந்து சிரிச்சாக. எங்கண்ணனுக்கு மூணடுக்குத் தேரு கட்டி, இங்கன வந்ததும் தூக்குறவுக எல்லாரையும் குந்த வப்பேன்னாக. எங்கண்ணே உசுரோட ஒருத்தனுக்கும் குனிஞ்சதில்ல, போகையிலயாவது ஆனைக்குக் குனிஞ்சு போகட்டும்னாக."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

சுருளிவேல் தேரைப் பார்த்தார். "களவாணிப் பய" என்றார். தம்பி தன்னை வைத்து எதற்கோ திட்டம் போடுகிறான் என்று அவர் வெகுகாலமாகச் சந்தேகப்பட்டு வந்தார். இத்தனை வருடத்தில் இது ஒன்றுதான் சரியாக வந்திருக்கிறது.

"ஏலே, என்ன பாக்குறீக? குந்துங்கடா."

பன்னிரண்டு பேரும் தோளிலிருந்து கைக்கு இறக்கி, கையோடு முழங்காலுக்குத் தாழ்த்திக் குந்தினார்கள். மூட்டுகள் நெட்டி முறிகிற சத்தம் கேட்டது. டவுன் பஸ் கண்டக்டர் இறங்கி ஓடி வந்து தும்பிக்கைக்கு நேர் கீழே நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"வரலாம்... வரலாம்... லேசா லெஃப்ட்ல ஒடி... வரலாம்... ஹோல்டான்."

வாத்துக் கூட்டம் போலப் பன்னிரண்டு பேரும் அடி அடியாக நகர்ந்தார்கள்.

"ஒச்சாண்டி மாமா, என் வேட்டி அவுருது."

"பஸ்ஸுல நம்ம ஊராளுகதான். நட."

சுருளிவேல் தேரை ஒட்டியே நடந்தார். உரசுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். தும்பிக்கையின் அடிப்பக்கம் முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடியின் உடைந்த துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. அண்ணாந்து பார்க்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும். துண்டு துண்டாகச் செவ்வந்தி நகர்ந்தது. ஒரு துண்டில் கர்ணனின் நெற்றியும், பக்கத்துத் துண்டில் அவருடைய வாயும் தெரிந்தன. அவர் வாய் திறந்திருந்தது. மூடிக்கொண்டார்.

நாலு விரல் இடைவெளியில் உச்சி தாண்டியது.

"போலாம் ரைட்" என்று கண்டக்டர் விசில் அடித்தார்.

பாரம் தூக்கியவர்கள் எழும்பும்போது ஒருவன் சிரித்துவிட்டான். அது பன்னிரண்டு பேருக்கும் பரவி, பஸ் ஜன்னல்களுக்கும் போனது. "டவுன் பஸ்ஸ அளந்த எங்கண்ணே, ஒங்க தேரு ஒசரம் அளக்கலையே" என்று ஆரம்பித்த மாயக்காள் அடுத்த வரி வராமல் ராக்கம்மாள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். ராக்கம்மாளும் குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. கொட்டுக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். சுருளிவேல் திரும்பிப் பார்க்காமல் தேருக்கு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலையில் மயானத்தில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டார். கூட வந்த ஒச்சாண்டியும் நிற்க வேண்டியதாயிற்று.

"விஜயபாண்டி, டேப்ப எடுத்தாடா."

விஜயபாண்டி பட்டறையிலிருந்து டேப்பையும் ஏணியையும் கொண்டு வந்தான். வெட்டத்தான் அளக்கச் சொல்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, ஏணியில் மெதுவாகத்தான் ஏறினான்.

"எத்தன இருக்கு?"

"பதினோரடி பெரியப்பா. சரியா பதினோரடி."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அடியில ஒரு இஞ்ச முழுங்கிராத."

"பதினோரடிதான்."

சுருளிவேல் ஒச்சாண்டியிடம் திரும்பினார். "கேட்டுக்கிட்டயா? எனக்கு ரெண்டு அடுக்கு. தோள்ல வச்சுத் தூக்குனா இதுக்குள்ள அடங்கணும்."

"எதுக்குண்ணே? நேத்து மாதிரி மூணு போட்டுக் குந்திப் போயிக்கிரலாம்ல?"

"அவன் நெனச்சத நடத்திக் குடுக்க நான் என்ன கிறுக்கனா?"

ஒச்சாண்டி தலையை ஆட்டினான். விஜயபாண்டி இறங்கி வந்து, மறக்காமலிருக்க யானையின் முன்னங்காலில் சாக்பீஸால் பதினொன்று என்று எழுதினான்.

"அது மழைக்குப் போயிரும்" என்றார் சுருளிவேல். "பெயிண்டுல எழுது."

 விஜயபாண்டி பட்டறைக்குள் போய் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். எழுதி முடித்து அவனும் ஒச்சாண்டியும் டீக்கடைக்குப் போன பிறகும் சுருளிவேல் அங்கேயே நின்றார். எழுத்து ஈரமாக மின்னியது. பக்கத்துப் பழக்கடை ஈக்கள் அதை நோக்கி வந்தன. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பெயிண்ட் காய்கிற வரைக்கும் மெதுவாக வீசிக்கொண்டு நின்றார்.