நானூற்றுப் பதினேழின் பின்பக்கம்

"அண்ணே, கைய நீட்டுங்க. உங்க இத்தன வருஷ வயித்தெரிச்சல் இன்னிக்கோட முடிஞ்சுது" என்றார் பூட்டு.

பழைய பூட்டுகளையும் கைவிலங்குகளையும் சேர்ப்பதால் நண்பருக்கு அந்தப் பெயர். அவர் அண்ணே என்று கூப்பிடும் ரேடியோ மெக்கானிக் சேர்ப்பது பழைய போலீஸ் பேட்ஜுகள். கடையை மூடிய பிறகு, வீட்டின் முன்னறையில் ரேடியோக்கள் இருந்த அலமாரிகளில் எல்லாம் பித்தளை எண்களும் ஊதல்களும் பெல்ட் கொக்கிகளும் வந்து உட்கார்ந்துகொண்டன.

பூட்டு கொடுத்த காகிதப் பொட்டலத்தை மெக்கானிக் பிரித்தார். கறுத்துப்போன பித்தளையில் நானூற்றுப் பதினேழு. அப்பாவின் எண்.

"என்னண்ணே, பேச்சையே காணோம். ஒரு டீ கூட கிடையாதா?"

"அப்புறம் வாப்பா."

"முப்பது வருஷம் தேடினவரு மூஞ்சியா இது" என்று முனகிக்கொண்டே பூட்டு செருப்பை மாட்டினார்.

அப்பா போலீஸ்காரர். ஒரு காலையில் துறைமுகத்துக்கு டியூட்டிக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது இவர் கைக்குழந்தை. அக்காவுக்குப் பத்து வயது. அக்காவைக் கூட்டிக்கொண்டு அம்மா வாரம் தவறாமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். வருஷக்கணக்கில் அதே பதில்தான். அம்மா அதை நம்பியபடியே கண்ணை மூடினாள். அக்கா கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, இந்த வாடகை வீட்டை விட்டு நகரவும் இல்லை. வருகிறவருக்கு வேறு விலாசம் தெரியாது. சமீபத்தில்தான், உடம்பு தளர்ந்த பிறகு, ஒருநாள் சொன்னாள்: "அவரு மேல இருந்தது ஏதாவது ஒண்ண கையில வெச்சுப் பாத்துட்டா போதும்டா. அதுக்கப்புறம் எதிர்பாக்க மாட்டேன்."

ஜன்னலோரம் போய் பேட்ஜைத் திருப்பினார்.

பேட்ஜ் சேர்ப்பவன் முன்பக்கத்தை நம்புவதில்லை. அப்பா காலத்து பேட்ஜுகளின் முதுகில் இரண்டு வளையங்கள் பற்றவைத்திருக்கும். சட்டைத் துணியின் உட்புறம் அவற்றுக்குள் ஒரு கம்பியைச் செருகிவிடுவார்கள். இதன் முதுகில் இருந்தது திருகாணி, அதன் மேல் வட்டமான மரை. அப்பா காணாமல்போன மறுவருஷம் மட்டும் வந்த வார்ப்பு. அலமாரியில் உள்ளவற்றில் ஒன்றுகூட அதற்கு விலக்கில்லை. மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தார்.

ஒருவன் பட்டியலில் இருக்கும்வரை அவன் எண்ணை வேறொருவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். செத்தான் என்று பேரை அடித்த பிறகுதான் கொடுப்பார்கள். அம்மா ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தபோதே அப்பாவின் எண் வேறொரு சட்டையில் ஏறியிருந்தது. அப்பா இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு, கை தானாகச் செய்வதுபோல, சால்டரிங் அயர்னைச் செருகினார். உடைந்த பேட்ஜுகளின் பழைய வளையங்கள் ஒரு டப்பி நிறையக் கிடந்தன. திருகாணியை அறுத்து வளையங்களைப் பற்றவைத்து, கறுப்பேற்றிவிட்டால் போதும். பூட்டுக்கே தெரியாது. அக்காவுக்கு எப்படித் தெரியும்? முதுகை மாற்றி விற்கிறவனைப் பிணத்துக்கு மீசை ஒட்டுகிறவன் என்று இவரே பல பேர் முன்னால் திட்டியிருக்கிறார்.

டப்பியிலிருந்து இரண்டு வளையங்களைப் பொறுக்கும்போது அக்கா உள்ளே வந்தாள்.

"பூட்டு வாசல்ல சொல்லிட்டுப் போனான். கெடச்சுதாமே?"

அக்கா நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பார்த்ததும் அவரால் பொய்யைத் தொடர முடியவில்லை.

"நம்பர் அப்பாவோடதுதான்கா. பேட்ஜ் அவரோடது இல்ல." திருகாணியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அக்கா பேட்ஜை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"மறுவருஷமேவா?"

"ஆமா."

"நாங்க அப்ப போயிட்டுத்தானடா இருந்தோம்."

"ஆமாக்கா."

அவர் அயர்னைப் பிடுங்கி வைத்தார்.

"ஒரு போலீஸ்காரன் இருந்தான்" என்றாள் அக்கா. "சின்ன வயசு. மீசைகூட சரியா வரல. நாங்க உள்ள போனா சட்டுனு எழுந்திருச்சு, தொப்பியக் கழட்டி இப்படி நெஞ்சோட வெச்சுக்குவான். நாங்க வெளிய வர்ற வரைக்கும் எடுக்க மாட்டான். அம்மா திரும்பி வரும்போது சொல்லுவா, அந்த ஸ்டேஷன்லயே மரியாத தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்னு."

"எந்தப் பக்கம் வெச்சிருந்தான்?" கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அக்கா யோசிக்கவே இல்லை. "இடது பக்கம்."

சட்டையில் பேட்ஜ் எண்ணைக் குத்துகிற இடம்.

"பாவம், பேசக்கூட மாட்டான்" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பேட்ஜை மேசைமேல் வைத்தாள். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"அப்போ, அப்பா செத்துட்டாருன்னு இனிமே சொல்லலாம் இல்ல?"

அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லை அப்பாவோடு சேர்த்துச் சொன்னதில்லை. அவர் தலையசைத்தார்.

"அப்பா செத்துட்டாரு" என்று அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், புதுப் பல்செட்டோடு பேசிப் பார்ப்பவளைப் போல. இன்னொரு முறை சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட யாருடா சொல்றது?"

அவர் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.