பக்கவாட்டுப் படம்

"ஆஃப் பண்ணாதீங்க! அப்படியே விடுங்க!"

கத்திக்கொண்டே ஷோரூமின் குறுக்கே ஓடினார் அந்தப் பெரியவர். கோடியில் இருந்த தூணில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒற்றைக் கண்ணால் டிவி வரிசையை நோட்டம் விட்டார். ரிமோட்டும் கையுமாக நின்ற விற்பனையாளனுக்குச் சிரிப்பதா, மேனேஜரைக் கூப்பிடுவதா என்று புரியவில்லை. ஆள் ஒல்லி. கடையில் எல்லோருக்கும் அவன் 'பென்சில்'.

"சார், டிவியை நேரா நின்னு பாக்கணும்."

"நேரா நின்னா எல்லாமே அழகுதான் தம்பி. இங்கேருந்து பாத்தா அது ஏன் வெளுத்துப் போகுது?"

"அது விஏ பேனல். கறுப்பு நல்லா மை மாதிரி இருக்கும். ஆனா ஓரமா போனீங்கன்னா சாயம் போன சட்டைதான். அடுத்தது ஐபிஎஸ். கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், ஆனா எந்த மூலையில உக்காந்தாலும் கலர் மாறாது."

"க்யூஎல்இடி, ஓஎல்இடின்னு ரெண்டு மாட்டியிருக்கீங்களே?"

"பேரைப் பாத்து ஏமாறாதீங்க. க்யூ போட்டதுக்குப் பின்னால விளக்குதான் எரியுது, கலருக்குத் தனியா ஒரு ஷீட். ஓ போட்டதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பும் உண்டு, ஓரப் பார்வையும் உண்டு. டாப் மாடல் சார், அதையே போட்டுடலாமா?"

"வேண்டாம். அவங்க சந்தேகப்படுவாங்க."

பென்சிலின் காது விடைத்தது. சந்தேகமா?

பெரியவர் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்தார். டிவிப் பெட்டியிலிருந்து கிழித்தது. மேலே இதே கடையின் ஸ்டிக்கர்.

"போன வாரம் நீங்க டெலிவரி பண்ணினது. இதைக் கழட்டிட்டு, ஓரத்திலேருந்து நல்லா தெரியற டிவி ஒண்ணு மாட்டணும். பாக்கறதுக்கு இதே மாதிரி இருக்கணும். இன்னிக்கு சாயந்திர நிகழ்ச்சிக்கு முன்னாடி. பணம் என்னோடது. ஆனா நான்னு தெரியவே கூடாது."

"யாரு வீடு சார்?"

"குழந்தைங்க இருக்கற வீடு" என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி.

மகள் வீடு, பேச்சுவார்த்தை இல்லை என்று பென்சில் தனக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான். கணினியைத் தட்டினான். விற்றது ஐம்பது இஞ்ச், விஏ பேனல். அதே சீரிஸ்தான், அதே முகம்தான்; ஆனால் ஐம்பத்தைந்து இஞ்ச்சில் மட்டும் கம்பெனி ஐபிஎஸ் போட்டிருந்தது.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "வாடிக்கையாளர் குலுக்கல்ல பரிசுன்னு சொல்லிடு. நமக்கென்னடா, சரக்கு போனா சரி."

வேனில் போகும்போது டிவிப் பெட்டியின் சீல் உடைந்திருக்கிறதா என்று பென்சில் இரண்டு முறை தடவிப் பார்த்தான். உள்ளே எங்காவது கேமரா? மைக்? சே, கோடவுனிலிருந்து இறக்கியதே நான்தானே!

மூன்றாம் மாடி. கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா வாயைப் பிளந்தாள். "பரிசா? எங்களுக்கா? ஏங்க, இங்க வாங்களேன்! குலுக்கல்ல ஒரு சோப்பு டப்பா கூட விழுந்ததில்ல நமக்கு!"

"வாங்கும்போதே பெருசா கேட்டேன்ல? கடைக்காரனுக்கே பாவமாயிடுச்சு" என்றார் கணவர். பையன் சோபாவில் குதித்தான். சின்னவள் அவன் காலை இழுத்தாள்.

டிவியைச் சுவரில் மாட்டி உயிர் கொடுத்தபோது பென்சிலின் போன் அடித்தது. கடையிலேயே நம்பர் வாங்கி வைத்திருந்த பெரியவரின் குரல்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கமா திருப்புங்க."

இவருக்கு எப்படித் தெரியும்?

மெல்லத் தலையைத் திருப்பினான். மூடியிருந்த கண்ணாடிச் சன்னல். குறுகலான தெரு. எதிர்க் கட்டடத்தில், சற்றே தள்ளி இன்னொரு சன்னல். போனைக் காதில் வைத்திருந்த ஓர் உருவம் சட்டென்று திரைக்குப் பின்னால் ஒதுங்கியது.

டிவியைத் திருப்பினான். கையெழுத்து வாங்கினான். அடுத்த நிமிடம் தெருவைத் தாண்டி எதிர்ப் படிகளில் இரண்டிரண்டாக ஏறிக்கொண்டிருந்தான்.

"என்ன சார் இது, வேவு பாக்கற வேலையா? சொல்லுங்க, இல்ல இப்பவே போய் அவங்ககிட்ட..."

"கத்தாதீங்க. ஆரம்பிச்சிடுச்சு."

அறையில் ஒரே ஒரு நாற்காலி, சன்னலைப் பார்த்தபடி. அதன் முதுகுப் பக்கச் சுவரில் பெரிய ஓஎல்இடி, டாப் மாடல். அதன் மேல் போர்வை ஒன்று தொங்கியது. போர்வைக்குள்ளிருந்து நகைச்சுவை நிகழ்ச்சியின் சத்தம் மட்டும் வந்தது. படம் எதிர் வீட்டில் ஓடியது. துளிகூட வெளுக்காமல்.

எதிரே நால்வரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒரு கணம் பிந்தி, பெரியவரும் சிரித்தார்.

பென்சிலின் கோபம் எங்கோ வழுக்கிவிட்டது. "பொண்ணு வீடுதானே சார்? என்ன சண்டையா இருந்தாலும், நேரா போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"பொண்ணா?" பெரியவர் திரும்பினார். "எனக்கு யாரும் கிடையாது தம்பி. அவங்க குடிவந்து ரெண்டு வருஷம் ஆகுது. எப்பவும் சன்னலை மூடியே வெச்சிருப்பாங்க, ஒரு சத்தம் வெளிய வராது."

மறுபடி சன்னல் பக்கம் பார்த்தார்.

"நீங்க உள்ள போனீங்களே... அந்தச் சின்னவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க?"