விளக்கைப் பார்த்துத் தலையசைத்த பாடகி

1.

மனித குலத்தின் வீழ்ச்சி போரிலோ கொள்ளைநோயிலோ தொடங்கவில்லை. பாட்டுக் கேட்கும்போது கைக்கு எட்டியதன் மேல் விரலால் தாளம் போடலாம் என்று எவனோ ஒருவன் முடிவு செய்த அன்று தொடங்கியது. நன்கு யோசித்துத்தான் சொல்கிறேன். டென்மார்க்கில் பிறந்து, டென்மார்க்கிலேயே வளர்ந்து, இருபத்திரண்டு வயதுவரை ஒரு மேசையிலும், ஒரு ஸ்டீயரிங்கிலும், ஒரு பீர் கோப்பையிலும், என் சொந்தத் தொடையிலும்கூட நான் தாளம் போட்டதில்லை. இந்த நாட்டில் இப்படி இன்னொருவர் இருந்தால் எழுதுங்கள். சங்கம் வைத்துவிடலாம்.

(வேண்டாம், எழுதாதீர்கள். சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்குழு கூடும். பொதுக்குழு என்றால் காப்பியும் கேக்கும். காப்பி முடிந்ததும் யாராவது "எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடலாமா" என்பார்கள். முதல் அடி முடிவதற்குள் பொருளாளர் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்.)

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர்ஹூஸ் நகரில் எங்கள் கல்லூரிக் கேலிப் பத்திரிகையின் ஆசிரியை தூரா. விபெக்கே ஸ்காரூப் என்ற பழைய பாப் பாடகி "சின்னக் குழுவுடன் ஒரு நெருக்கமான பிற்பகல்" நடத்துகிறார், போய்ப் பார்த்துவிட்டுக் கிழித்து எழுது என்றாள். நான் போனேன், பார்த்தேன். கிழித்தேனா என்பதுதான் சிக்கல்.

2.

தொடக்கம் ஒன்று: "ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஹோர்சென்ஸ் கலையரங்கின் முன்னால் நானூறு மழைக்கோட்டுகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஓய்வூதியம் இருந்தது."

நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்திருந்தது. அடுத்த வாக்கியம்தான் வரவில்லை.

தொடக்கம் இரண்டு: "விபெக்கே ஸ்காரூபுக்கு எழுபத்தோரு வயது. அவர் குரலுக்கு" —

(இல்லை. இது சுலபமான அடி. எழுபத்தொன்றில் எனக்கு என்ன இருக்கும் என்று யார் கண்டது.)

தொடக்கம் மூன்று: "சின்னக் குழு என்பது ஒரு கலை வடிவம். மேடையில் ஒரு தரைவிரிப்பு. ஒரு முக்காலி. துணிக்கூண்டு போட்ட உயரமான விளக்கு ஒன்று. பியானோவில் தொப்பியைக் கழற்றாத மால்தே என்ற இளைஞன். நின்றபடி வாசிக்கும் ஆளுயர பேஸ் வாத்தியத்தில் ஹென்னிங் என்ற கிழவர். பாடகர்களுக்கு வயதாக ஆகக் குழு சுருங்குகிறது, விளக்கு வளர்கிறது. இன்னும் பத்து வருடத்தில் விளக்கு மட்டும் வரும், டிக்கெட் விலை குறையாது."

இதை வைத்துக்கொள்கிறேன். இந்த விளக்கை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். விபெக்கேயின் பாட்டுகளில் ஒன்றுக்காகத்தான் ஜனம் வரும்: "துறைமுகத்தில் உன் சைக்கிள்". நான் பிறக்கும் முன்பே வந்தது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் பாட்டு சட்டென்று நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் நான்கு அடி விழும். பிறகு பல்லவி வெடிக்கும். அந்த நான்கு அடி தெரியாமல் இங்கே யாரும் வளர முடியாது. கல்யாண விருந்தில் மணமக்கள் முத்தமிட வேண்டுமென்றால் விருந்தாளிகள் முள்கரண்டியால் தட்டைத் தட்டுவோமே, அப்போது தட்டுவது அந்த நான்கைத்தான். பேருந்து ஓட்டுநர் சிவப்பு விளக்கில் நிற்கும்போது தட்டுவார். என் பல் மருத்துவர் ஊசி போடும் முன் தட்டினார். நான் வாயைத் திறந்தபடி படுத்திருந்ததால் கண்டிக்க முடியவில்லை.

3.

இப்போது கதாபாத்திரம். முதல் வரைவில் பிரெபென் என்று ஒருவர் இருந்தார். விபெக்கேயிடம் முப்பது வருடம் டிரம்ஸ் வாசித்தவர். சின்னக் குழுவில் இடம் இல்லாததால், டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒன்பதாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

தூரா படித்தாள். பென்சிலால் காதைச் சொறிந்தாள்.

"இந்த பிரெபென் யாருடா?"

கற்பனை என்றேன்.

"எல்லாரையும் கிழிச்சு வச்சிருக்க. இந்த ஆளுகிட்ட வந்ததும் மட்டும் உன் பேனா செருப்பக் கழட்டி வச்சுட்டு உள்ள போகுது."

ஆசிரியர்கள் இதற்குத்தான் இருக்கிறார்கள், சனியன்கள். சரி. பிரெபென் என்று யாரும் இல்லை. அவர் பெயர் டோர்பென். என் அப்பா. தனியாகவும் உட்கார்ந்திருக்கவில்லை, பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். என் பள்ளிக்கூடத்து மேசைகளில், "டேய் அஸ்கெர், இது உங்கப்பாதானே" என்று பத்து வருடம் தட்டிக் காட்டினார்கள். சங்கம் ஏன் வைக்க நினைத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

4.

அப்பா குழுவிலிருந்து போனதைப் பற்றி. (சோகமாக எழுதிய பத்தி ஒன்று இங்கே இருந்தது. வயலின் சத்தம் கேட்டதால் அடித்துவிட்டேன்.)

மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இந்த முறை நிகழ்ச்சி ஒரு வீட்டு அடுப்பங்கரை மாதிரி இருக்க வேண்டும், ஜனங்கள் விபெக்கேயோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்தது போல உணர வேண்டும், அடுப்பங்கரையில் டிரம்ஸ் இருக்காதல்லவா என்றார். எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறதே என்றார் அப்பா. அது உண்மை, குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு செட் உண்டு, அதன் மேல்தான் ரொட்டியை வைப்போம். மேலாளர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. விபெக்கே அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

அப்பா கோபப்பட்டிருந்தால் கதை சுலபம். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, நிகழ்ச்சிக்கு வருகிறாயா என்று என்னைக் கேட்டார். ஏன் போக வேண்டும் என்று கேட்டேன்.

"நான் இல்லாம அந்தப் பாட்டு நிக்குதா, விழுதான்னு பாக்கணும்."

இதுதான் விஷயம், வாசகரே. வேறு எதுவும் இல்லை. பாட்டு விழாமல் நின்றுவிட்டால் அப்பா முப்பது வருடம் மேடையில் கிடந்த ஒரு நாற்காலி. விழுந்துவிட்டால் அவருக்குப் பிடித்த ஒரு மனுஷி நானூறு பேர் முன்னால் அசிங்கப்படுவார். எது நடக்க வேண்டும் என்று நினைக்கிறார் என்று அவரிடம் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

5.

நிகழ்ச்சி. முதல் பாதியை மூன்று வாக்கியத்தில் முடிக்கிறேன். விபெக்கே முக்காலியில் உட்கார்ந்து கதை சொன்னார். மால்தே பியானோவின் பாதிக் கட்டைகளை மட்டும், அதுவும் மன்னிப்புக் கேட்பது போல, தொட்டான். இடைவேளையில் காப்பியும் ஆப்பிள் கேக்கும் கிடைத்தன.

எங்களுக்கு நேர் பின்னால் மிதிவண்டித் தலைக்கவசத்தை மடியில் வைத்த ஒருவர். எல்லாப் பாட்டுக்கும் தாளம் போட்டார். எதன் மேல் என்று நினைக்கிறீர்கள்? என் அப்பாவின் நாற்காலி முதுகில். அவ்வப்போது அந்தப் பிரபலமான நான்கையும் ஒத்திகை பார்த்துக்கொண்டார். அப்பா ஒருமுறை மட்டும் என் பக்கம் சாய்ந்தார்.

"மூணாவது அடி. எல்லாரும் அத சீக்கிரம் போட்டுடுறாங்க."

(அந்த நான்கு அடியைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே விமர்சனம் இது. பல் மருத்துவருக்கும் பொருந்தும்.)

6.

கடைசியாக அந்தப் பாட்டு. முதல் வரியிலேயே கைதட்டல் தொடங்கியது. நம் ஜனத்தின் கைதட்டல் உங்களுக்குத் தெரியும்: எல்லாரும் ஒன்றாக, தட்ட வேண்டாத இடத்தில், ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிட ஒரு மயிரிழை வேகமாக. வேலைக்குத் தாமதமான குதிரை மாதிரி. முப்பது வருடம் அப்பா செய்த வேலையில் பாதி, இந்தக் குதிரையின் முன்னால் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்ததுதான். இன்று சுவர் ஒன்பதாவது வரிசையில் இருந்தது.

பாட்டு ஓட ஆரம்பித்தது. மால்தே துரத்தினான். ஹென்னிங் கண்ணை மூடிக்கொண்டார். விபெக்கே மூச்சு வாங்கி, வரிகளின் கடைசிச் சொல்லை விழுங்கினார். பின்னாலிருந்தவர் நாற்காலியைப் பொளந்துகொண்டிருந்தார். அப்பாவின் கைகள் முழங்காலில். வலது பாதம் மட்டும் ஏறி இறங்கியது, யாருக்கும் உதவாத மெதுவான வேகத்தில்.

பாட்டு விழப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. நான் எழுத வந்த கட்டுரை கையில் வந்து விழுந்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

அப்போது அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது. கைதட்டலும் நின்றது, அங்கே கையை நிறுத்த வேண்டும் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். விபெக்கே தன் இடது தோளுக்குப் பின்னால் திரும்பி, முப்பது வருடம் செய்தது போல, டிரம்மருக்குத் தலையசைத்தார்.

அங்கே விளக்கு இருந்தது.

இனி முடிவுகள்.

முடிவு அ: அப்பா எழுந்து முன்வரிசை நாற்காலியில் நான்கு அடி கொடுக்கிறார். விபெக்கே அவரைப் பார்க்கிறார். கண்ணீர். மேலாளருக்கு நெஞ்சுவலி. (ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சிக்கு விற்கலாம்.)

முடிவு ஆ: நானூறு பேரும் சேர்ந்து அந்த நான்கை நாற்காலிக் கைகளில் தட்டுகிறார்கள். அரங்கம் அதிர்கிறது. மக்கள் கலைஞனைக் கைவிடவில்லை. (இதை எழுதும்போதே எனக்குக் காது சிவந்தது.)

நடந்தது: யாரும் தட்டவில்லை. பல் மருத்துவரிலிருந்து பேருந்து ஓட்டுநர்வரை கண்டதையெல்லாம் தட்டும் ஜனம், உண்மையிலேயே தட்ட ஆள் தேவைப்பட்ட அந்த ஒரே நேரத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டது. முன்னால் போய் நிற்பதற்கு நான் யார் என்று நானூறு பேரும் அடக்கத்தோடு நினைத்தார்கள். பின்னாலிருந்தவர்கூட விரலை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். நம் நாட்டின் நற்பண்பு அவ்வளவு முழுமையாக வெளிப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவின் கைகள் முழங்காலிலிருந்து ஒரு விரலளவு எழுந்தன. அங்கேயே நின்றன. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். மூன்று முறை திரும்ப எழுதினேன்.)

நான்கு அடி நேரம் அரங்கில் ஒன்றும் இல்லை. பிறகு விபெக்கே பல்லவியை எடுத்தார். ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் அல்ல. பழைய வேகத்தில், அப்பாவின் பாதம் போய்க்கொண்டிருந்த அந்த மெதுவான வேகத்தில். கைதட்டப் போனவர்கள் தடுமாறி, பின்தங்கி, அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அப்பாவின் கைகள் முழங்காலுக்குத் திரும்பின.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியபோது பின்னாலிருந்தவர் முன்னால் குனிந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.

"அந்த இடத்துல டிரம்ஸ் வரும். கேட்டிருக்கீங்களா?"

"கொஞ்சம்," என்றார் அப்பா.

"அடிச்ச ஆளு செத்துட்டாரு போல."

"இருக்கலாம்."

7.

காரில் நெடுஞ்சாலைக்கு வந்தோம். அப்பாவின் கைகள் ஸ்டீயரிங்கில், அசையாமல். பாட்டு நின்றதா விழுந்ததா என்று நான்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், ஒரு லாரியை முந்தினார், பழைய பாதைக்கு வந்தார்.

"அவ இடம் விட்டா. நாலு அடிக்கும் முழுசா இடம் விட்டா."

சந்தோஷமாகச் சொன்னாரா? எழுத மாட்டேன். விபெக்கே தலையசைத்தது பழக்கத்தாலா, மறதியாலா, வேண்டுமென்றேவா? தெரியாது. அன்று மாலை தொலைபேசி அடித்ததா என்று தூரா மூன்று நாளாகக் கேட்கிறாள். அடித்தது என்றால் உங்களுக்கு இனிக்கும், அடிக்கவில்லை என்றால் இலக்கியமாகிவிடும். இரண்டையும் நான் தரப்போவதில்லை. முடிவு உங்களிடம் இருக்கட்டும். என்னால் முடிந்தது, அந்த அம்மா செய்ததை நானும் இந்தத் தாளில் செய்வதுதான். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

.

.

.

.

தட்டுவதும் அடக்கமாக இருப்பதும் உங்கள் விருப்பம்.

(அச்சுக்குப் போகும் முன் ஒரு சின்னச் சரிபார்ப்பு. விட்ட இடத்தின் நீளம் சரிதானா என்று தெரிய வேண்டுமே. தூரா காப்பி எடுக்கப் போயிருக்கிறாள், அறையில் வேறு யாரும் இல்லை. மேசை விளிம்பில், இரண்டு விரலால், சத்தம் வராமல் பார்த்தேன்.

மூன்றாவது சீக்கிரம் விழுகிறது.

மறுபடி.)