வேலி தாண்டிய கொட்டகை

தியாகராய நகரில் பாண்டுரங்கனின் தோட்டக் கொட்டகை முதன்முதலாக வேலியைத் தாண்டிப் பக்கத்து மனைக்குள் போனது 1929ஆம் வருஷம் ஐப்பசி மாதம், வெயில் நன்றாக ஏறிய பிறகு. யாரும் அதைத் தூக்கவில்லை, தள்ளவுமில்லை. காற்றும் கிடையாது. தானாக எழும்பி, ஆளுயரத் தட்டி வேலியின் தலையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கி, குலாம் முகம்மது வீட்டுப் பெண்கள் குளிக்கிற கிணற்றடியில் போய் ஆடிக்கொண்டு நின்றது. பொழுது சாய்வதற்குள் போன வழியே திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே அப்போது ஆள் யாரும் இல்லை. மண்வெட்டியும் பூவாளியும் எரு மூட்டையும் வைத்தது வைத்தபடி இருந்தன.

சில வருஷம் முன்புவரை அந்த இடமெல்லாம் மாம்பலம் ஏரி. தண்ணீரை வடித்து, மண் கொட்டி, மனை பிரித்து, எல்லைக்கல் நட்டு விற்றார்கள். ஏரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோர்ட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பாண்டுரங்கன் ஒரு மனையை வாங்கினார். தோல் வியாபாரி குலாம் முகம்மது அடுத்ததை வாங்கினார். பாண்டுரங்கன் தோட்ட வேலைக்கு அமர்த்திய லாசர் சாந்தோம் குப்பத்துக்காரன். ரோஜாவுக்கும் எருக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன். அவன் கடலை விட்டதற்குக் காரணம் அவன் மனைவி தேசம்மா. அவளுடைய அண்ணன்மார் இருவரையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோயிருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியதும், அலைச் சத்தம் கேட்காத இடத்தில்தான் இதைப் பெறுவேன் என்று மாதாவின் முன்னால் ஆணையிட்டுவிட்டாள். தங்க இடம் கேட்டபோது, கொட்டகை போட்டு அதிலேயே ஒரு பக்கம் இருந்துகொள்ளுங்கள் என்றார் பாண்டுரங்கன்.

எல்லையிலிருந்து தள்ளித்தான் எதையும் கட்ட வேண்டும் என்று அப்போதே விதி இருந்தது. பாண்டுரங்கனுக்கோ தன் குரோட்டன்ஸ் செடிகளுக்கு இடம் குறையக்கூடாது. “எடத்த வீணாக்காதப்பா, வேலிய ஒட்டியே போடு” என்றார். ஏரி மண்ணில் கால் ஊன்றினால் நிற்காது என்று லாசர், கட்டுமரக்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தான். தன் பழைய கட்டுமரத்தின் மரங்களைக் கொண்டுவந்து தரையாகப் பரப்பி, ஒரு ஆணிகூட அடிக்காமல், கடலுக்குப் போடுகிற அதே கயிற்றுக்கட்டுப் போட்டு இறுக்கி, அதன்மேல் மூங்கிலும் கீற்றும் ஏற்றினான். வேறு கட்டு அவனுக்குத் தெரியாது. தேசம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தரையில் கிடக்கிற மரம் வெறும் மரம்தானே என்று நினைத்தாள், பாவம்.

குலாம் முகம்மது வீட்டில் கோஷா கடுமை. அவர் மனைவி கைசர் ஜஹானின் முகத்தை அந்தத் தெருவில் எந்த ஆணும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட கிணற்றடியில் அடுத்த வீட்டுத் தோட்டக்காரனின் கொட்டகை வந்து நின்றால் எந்த மனிதன் பொறுப்பான்? வேலியருகே வந்து கத்தினார். “நம்ம பொம்பளைங்க பொழங்கற எடம் இது. இன்னொரு தபா வந்துச்சு, கடப்பாறையால ஒடச்சிப் போட்டுடுவேன்!” லாசர் கையைப் பிசைந்தான். “நான் இன்னா சாயபு பண்றது? மரத்துக்குத் தண்ணி ஞாபகம் வந்துகீது.” பாண்டுரங்கனும் அது சத்தியம் என்றார். வேலிக்கு ஓணான் சாட்சி என்று சொல்லிவிட்டுக் குலாம் முகம்மது உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் நிம்மதி போயிற்று. குலாம் முகம்மது தட்டியை இன்னும் உயர்த்திக் கட்டினார். கடப்பாறை அவர் வாசலிலேயே சாய்ந்திருந்தது. லாசர் கொட்டகையைப் பிரிக்கப் பார்த்தான். காய்ந்த தரையில் கிடந்தும் முடிச்சுகள் நனைந்து இறுகிப்போய் அவிழவில்லை. அறுக்கப் போனபோது தேசம்மா அரிவாளைப் பிடுங்கிக்கொண்டாள். நிறைமாதம் அவளுக்கு. கொட்டகை போனால் குப்பத்துக்குத்தான் திரும்ப வேண்டும், அந்த அலைக்குப் பக்கத்தில்தான் பெற வேண்டும். வேறு வழியில்லாமல் நங்கூரக் கல்லைக் கட்டிக் கொட்டகையை வேப்பமரத்தோடு பிணைத்தான் லாசர். அதற்குள் கொக்குகள் வந்து வறண்ட மண்ணில் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்திருந்தன. தேசம்மா அவற்றைக் கல்லால் அடித்து விரட்டுவாள். அவை திரும்பி வரும்.

கார்த்திகையில் ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. லாசர் மருத்துவச்சியை அழைத்துவரக் குப்பத்துக்கு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குச் சற்று முன்னால் கயிறு அறுந்தது. உயர்த்திக் கட்டிய வேலி எவ்வளவோ அவ்வளவுக்கு எழும்பிய கொட்டகை, அலறுகிற தேசம்மாவோடு அந்தப் பக்கம் போய், தட்டியையும் ஒரு பக்கம் சாய்த்துவிட்டது. லாசர் மருத்துவச்சியோடு வந்தபோது குலாம் முகம்மது கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு கொட்டகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் காலடியில் புழுதி பறந்தது. கைலி மட்டும் முழங்கால்வரை நனைந்திருந்தது. கோபத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. லாசர் சாய்ந்த தட்டியில் கால் வைத்தான். அது பெண்கள் புழங்கும் இடம். வைத்த காலை எடுக்கவும் முடியவில்லை, அடுத்ததை வைக்கவும் முடியவில்லை. முதல் அடி கட்டுமரத்தில் விழுந்தது. தேசம்மா மாதாவைக் கூப்பிட்டாள்.

அப்போது கைசர் ஜஹான் வெளியே வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. கிணற்றடியில் இறங்கி, தண்ணீரில் நடப்பதுபோல் காலை இழுத்து இழுத்து நடந்து, அறுந்த கயிற்றின் நுனியைப் பிடித்துக் கிணற்றுத் தூணில் சுற்றினாள்.

“சுனோஜி, கேளுங்க, கடப்பாறையக் கீழ போடுங்க” என்றாள். “ஆம்பளைங்க எல்லாம் திரும்பி நில்லுங்க. மருத்துவச்சி, நீ வா.”

எல்லாரும் திரும்பி நின்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பாண்டுரங்கனும் லாசரும், அந்தப் பக்கம் கடப்பாறையைப் போட்டுவிட்ட குலாம் முகம்மதும், யார் முகத்தையும் யாரும் பாராமல் நின்றார்கள். லாசர் வாய்விட்டு அழுதான். உச்சி வெயில் இறங்கும்போது பெண் குழந்தையின் குரல் கேட்டது. அதைக் கேட்டுத் திரும்பப் போன பாண்டுரங்கனைக் குலாம் முகம்மது அதட்டினார், அவர் மட்டும் எப்படிப் பார்த்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தேசம்மா குப்பத்துக்குப் போகவில்லை. வேலியில் கொட்டகை அகலத்துக்கு ஒரு வழி விட்டு, அதில் கைசர் ஜஹான் தைத்த திரையைத் தொங்கவிட்டார்கள். ஐப்பசி பிறந்தால் கொட்டகை தேசம்மாவோடும் பிள்ளையோடும் அந்தப் பக்கம் போகும், தை பிறந்தால் இந்தப் பக்கம் வரும். பாண்டுரங்கன் முன்கூட்டியே குரோட்டன்ஸ் தொட்டிகளை நகர்த்தி வைத்துவிடுவார். தேசம்மாவே மூங்கில் கழியை ஊன்றிக் கொட்டகையைத் திருப்பக் கற்றுக்கொண்டாள். எல்லை விதியைச் சொல்லிக்கொண்டு வந்த அதிகாரி ஒருவர், ஓரிடத்தில் நில்லாததைக் கட்டிடம் என்று எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

1936இல் மழை பொய்த்தது. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி கழிந்துவிட்டது, கொட்டகை அசையவில்லை. ஒரு காலை குலாம் முகம்மது திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“இன்னா லாசர், புள்ளைய இன்னும் காணோமே? கிணத்தடியப் பெருக்கி வச்சிகினு காத்துகினு கீது வீட்ல.”