அசையாத தண்ணீர்

ராஜாங்கம் புதுச்சேரியை விட்டுக் கிளம்பப் போகிறான் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த அன்றைக்கே, அவன் மனதில் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. தான் போன பிறகு ஆலையின் பாய்லர் தன் நண்பன் அம்மாவாசையைக் கொன்றுவிடும். மனைவி அஞ்சலாட்சியிடம் மட்டும் இதைச் சொன்னான். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது இப்படியா பேசுவது என்று அவள் கோபித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணமும் எழுந்து போகவில்லை.

செங்கம் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, முதலியார்பேட்டையில் ஆலை வாசலில் பசியோடு நின்றவனுக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தவன் அம்மாவாசை. உள்ளே கூட்டிப்போய்க் கரி அள்ளும் வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். அப்போது இருவருக்கும் மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது இருவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. இடையில் இருந்த காலம் முழுவதும் ஒரே பாய்லரின் முன்னால் கழிந்தது.

பாய்லர் என்பது புரிந்துகொள்ளக் கஷ்டமான பொருள் அல்ல. படுக்கவைத்த பெரிய இரும்புப் பீப்பாய். அதற்குள் நீளவாக்கில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு குழல். குழலுக்குள் நெருப்பு, குழலைச் சுற்றித் தண்ணீர். தண்ணீர் குழலை மூடியிருக்கும் வரை எவ்வளவு கரி போட்டாலும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். சோறு வேகும்போது கருகாத பானை, தண்ணீர் வற்றினால் கருகுகிறது அல்லவா, அதே கதைதான். தண்ணீர் இறங்கிக் குழலின் மேல்தகடு வெளியே தெரிந்தால் தகடு சிவந்து இளகும். மேலே அடைபட்ட நீராவி அதை அழுத்தும். தகடு கிழிந்துவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமும் ஒரே நொடியில் ஆவியாகும். அப்புறம் கூரையைப் பக்கத்துத் தெருவில் தேட வேண்டியதுதான்.

உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவதற்கு முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதன் மேல்முனை ஆவியோடும் கீழ்முனை தண்ணீரோடும் இணைந்திருக்கும். உள்ளே எந்த மட்டமோ கண்ணாடியிலும் அதே மட்டம். மட்டம் இறங்கினால் பம்பைத் திறந்து தண்ணீர் விட வேண்டும்.

இந்தக் கண்ணாடியை இத்தனை காலமும் ராஜாங்கம் ஒருவனே பார்த்தான். நெருப்பு அம்மாவாசைக்கு, தண்ணீர் ராஜாங்கத்துக்கு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்த வேலை அல்ல, பழகப் பழக அப்படி ஆகிவிட்டது. அம்மாவாசை உலை வாய்க்கு முன்னால் குனிந்தால் நிமிரவே மாட்டான். பின்னால் ராஜாங்கம் நிற்கும்போது எதற்கு நிமிர வேண்டும்?

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கப்பலேறி வெளிநாடு போய்க்கொண்டிருந்த துணி நின்று, ஆலையில் ஒரு ஷிப்டை எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் அஞ்சலாட்சியின் அண்ணன் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார், வீட்டோடு. ராஜாங்கத்துக்கு மனமே இல்லை. சாயங்காலம் குளித்துவிட்டுக் கடற்கரைச் சுவரில் அம்மாவாசையோடும் ஃபிட்டர் கலியபெருமாளோடும் உட்கார்ந்து வறுத்த கடலை தின்பதும், ஆடி வெள்ளியில் மூவரும் சைக்கிளில் வீராம்பட்டினம் தேருக்குப் போவதும் கோயம்புத்தூரில் எங்கே கிடைக்கும்? ஆனால் வீட்டில் இரண்டு பெண்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

வழியனுப்ப வீட்டுக்கு வந்தவர்கள் துக்கம் கேட்க வந்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

கடைசி வாரத்தில் அம்மாவாசையைக் கண்ணாடியின் பக்கம் திருப்ப ராஜாங்கம் என்னென்னவோ செய்து பார்த்தான். அம்மாவாசை மூலக்குளத்துக்காரன், எதையும் கேலியாக்கிவிடுவான்.

"அதாண்ட என்னாடா இருக்குது? ஒரு குழாய், பாதி தண்ணி. நான் என்னா குருடனா?"

"பாதின்னு தெரிஞ்சா போதாது மச்சான். தண்ணி அசையுதான்னும் பாக்கணும்."

"சரி முசே," என்று பிரெஞ்சு துரைக்கு வைப்பது போலச் சலாம் வைத்துவிட்டு அம்மாவாசை கரி அள்ளப் போய்விட்டான்.

அசைவுதான் முக்கியம். பாய்லருக்குள் கொதிப்பு ஓய்வதே இல்லை, அதனால் கண்ணாடியில் இருக்கும் தண்ணீரும் சும்மா நிற்காது. தூங்குகிறவனின் வயிறு போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கடைசி நாள் சனிக்கிழமை. ராஜாங்கம் எதையும் தொடக்கூடாது என்று நண்பர்கள் கட்டளை போட்டிருந்தார்கள். கரிக் கொட்டகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துச் செவ்வந்தி மாலை போட்டார்கள். முந்தின மாலை, நெருப்பு தணிந்திருந்த நேரத்தில், அம்மாவாசை பாய்லர் வீட்டையே ஆயுத பூஜைக்குப் போலத் துலக்கியிருந்தான். பித்தளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாய் மின்னியது. திறந்த கதவு வழியாக ராஜாங்கம் பார்க்க வேண்டும் என்றே செய்த வேலை.

அவன் பார்த்தான். மாலை கழுத்தில் ஈரமாக உறுத்தியது. கலியபெருமாள் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் காலையிலிருந்து ஆவியை இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் சரி பாதியில் நின்றது. சுத்தமாக, அழகாக, படத்தில் வரைந்தது போல நின்றது.

மூச்சு இல்லாமல் நின்றது.

ராஜாங்கம் எழுந்தான். உட்காருடா என்று பத்து கைகள் அமுக்கின. அவற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அம்மாவாசை பெருமையோடு திரும்பிப் பார்த்தான். சொன்னபடி காலையிலிருந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பதாகவும், தண்ணீர் துளியும் குறையாததால் பம்பைத் தொடவே வேலை வரவில்லை என்றும் சொன்னான்.

கண்ணாடியின் மேலும் கீழும் ஒவ்வொரு திருகு உண்டு. ஆலையின் மற்றக் குழாய்களில் திருகின் கைப்பிடி குழாயின் போக்கில் நீட்டியிருந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடித் திருகுகளை மட்டும் செய்தவன் மாற்றிச் செய்திருந்தான். பாய்லர் அதிர்ந்துகொண்டே இருக்கும். தளர்ந்த கைப்பிடி தன் கனத்தால் கீழே தொங்கிவிடும். அப்படித் தொங்கினாலும் வழி அடைபடக் கூடாது என்பதால், இதில் கீழே தொங்கினால்தான் திறப்பு, குழாயின் போக்கில் நேராக நீட்டினால் அடைப்பு. தேய்த்து முடித்த அம்மாவாசை, தொங்கிக் கிடந்த இரண்டையும் ஒழுங்காக நேரே நீட்டி வைத்திருந்தான்.

ராஜாங்கம் இரண்டு கைப்பிடிகளையும் கீழே இறக்கினான். கண்ணாடியில் இருந்த தண்ணீர் ஒரே இழுப்பில் இறங்கி மறைந்தது. வெறும் கண்ணாடி.

அம்மாவாசையின் கை பம்பின் பக்கம் பாய்ந்தது. ராஜாங்கம் அந்த மணிக்கட்டைப் பிடித்தான்.

"உள்ள தண்ணி இல்லடா," என்றான் அம்மாவாசை.

"அதனாலதான் தொடாதேன்றேன். தகடு சிவந்திருந்தா, பச்சத்தண்ணி பட்டதும் வெடிச்சிடும். நெருப்ப மூடு."

வெளியே இருந்தவர்களை விரட்டச் சொல்லிக் கலியபெருமாளை அனுப்பினான். அம்மாவாசை ஈரச் சாம்பலை வாரி உலைக்குள் எறியத் தொடங்கினான். எறிவதற்கு உலை வாய்க்கு நேரே நிற்க வேண்டும். தகடு கிழிந்தால் ஆவி முதலில் சீறுவது அந்த வழியாகத்தான். இன்னொரு மண்வாரியை எடுத்துக்கொண்டு ராஜாங்கமும் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ ரயிலுக்குப் போவணும். வெளிய போடா."

"எறி."

உள்ளே எங்கோ இரும்பு முனகியது. மனிதன் பல்லைக் கடிப்பது போன்ற சத்தம். இருவரும் நிறுத்தாமல் எறிந்தார்கள். சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாயிற்று. முனகல் நிற்க வெகு நேரம் பிடித்தது.

பாய்லர் ஆறிய பிறகு கலியபெருமாள் விளக்கோடு குழலுக்குள் தவழ்ந்து போனான். மேல்தகடு ஓரிடத்தில், ஒரு கிண்ணத்தின் அளவுக்கு, உள்நோக்கித் தொங்கிவிட்டிருந்தது. அளந்து பார்த்த இன்ஸ்பெக்டர் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். புதுத் தகட்டுக்கு ஆலையில் வழியில்லை. அந்த வீக்கம் உள்ளே அப்படியே இருந்தது.

ராஜாங்கம் பயணத்தைத் தள்ளிப்போட்டான். பிறகு ஒரு சாயங்காலம் கடற்கரைச் சுவரில், போகப் போவதில்லை என்றே சொல்லிவிட்டான். காற்று இல்லாமலே அலை கனமாக அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவாசை கடலைத் தோலை ஊதிவிட்டான்.

"நீ இருந்தீன்னா நான் மறுபடியும் நெருப்ப மட்டும்தான் பாப்பேன்," என்றான். "எனக்கே தெரியுது. கெளம்பு."

கிளம்புகிற அன்று காலை, அஞ்சலாட்சியையும் பெண்களையும் கலியபெருமாளோடு ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு ராஜாங்கம் ஆலைக்குப் போனான். பாய்லரை மறுபடி பற்றவைத்திருந்தார்கள். நெருப்புக்கு வடிவேல் என்ற புது ஆள் வந்திருந்தான். அம்மாவாசை கண்ணாடியின் முன்னால் முதுகைக் காட்டி நின்றான். கண்ணாடியின் அடியில் வடிப்பதற்கென்று இருந்த சின்னத் திருகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, மூடி, அது துள்ளி ஏறுகிறதா என்று பார்த்தான். ஏறியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் திறந்தான்.

"கெளம்பிட்டேன் மச்சான்," என்றான் ராஜாங்கம்.

"ம். பாத்துப் போ. பொண்ணுங்கள ஜன்னலோரம் உக்கார வை."

அவன் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ராஜாங்கத்தின் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. கண்ணாடியை விட்டுத் திரும்பிவிடுவானோ என்றும் பயந்தது. வாசலில் நின்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

அம்மாவாசை திரும்பவில்லை.