சீறாத புனல்

1

இந்தக் கதை ஒரு சோடா பாட்டிலிலிருந்து வந்தது. குடிக்கிற சோடா இல்லை. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் ஸ்டோர் ரூம்காரர், ஜன்னல் வழியாக மெர்லிண்டா என்ற இரண்டாம் ஆண்டு மாணவியிடம் நீட்டிய பாட்டில். சமையல் சோடாக் கரைசல் என்று சொல்லிக் கொடுத்தார். உள்ளே இருந்தது காஸ்டிக் சோடா. பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கண்ணாடிக் குடுவைகளின் மேல்..."

(வேண்டாம். இங்கே மழை பெய்யாத பிற்பகல் என்று ஒன்று வந்தால் அதை எழுதலாம்.)

2

வேதியியலை மறந்தவர்களுக்காக: ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் அணு கிளம்பிப் போய், அந்த நாற்காலியில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் பதிலீடு. யாரும் வந்து உட்காராமல், பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனும் சேர்ந்து கழன்றுகொண்டால் நீக்கம். மிஞ்சிய இரண்டு கார்பன்களும் ஒன்றையொன்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்.*

மெர்லிண்டா செய்ய வேண்டியது பதிலீடு. ஆல்கஹாலை அமிலத்தோடு குலுக்கி பியூட்டைல் குளோரைடு ஆக்கி, ஒட்டியிருக்கும் அமிலத்தைச் சமையல் சோடாவால் கழுவி, சூடேற்றி வடிக்க வேண்டும். விளைச்சல் முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். பாடமோ வருடத்துக்கு ஒரு முறைதான்.

* இதைச் சொல்லி முடிக்கப் பேராசிரியை டாக்டோரா சுமகைசாய்க்கு மூன்று வாரமும் நாற்பது சாக்பீஸும் ஆகும்.

3

கழுவும் கண்ணாடிப் புனலில் சமையல் சோடா ஊற்றிக் குலுக்கிக் குழாயைத் திறந்தால், அமிலம் பட்டுக் கிளம்பும் வாயுவில் புனல் சீறும். அன்று எல்லோருடைய புனலும் பாம்புப் பண்ணை மாதிரி சீறியது துறைமுகம் வரைக்கும் கேட்டது. மெர்லிண்டாவுடையது மட்டும் வாயே திறக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கிறோம் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

சூடேற்றியதும் காஸ்டிக் சோடாவின் காரம் ஹைட்ரஜனைப் பிடுங்க, குளோரின் கிளம்ப, மிஞ்சியது வாயுவாகி வெளியே போய்விட்டது. குடுவையில் ஏழே சொட்டு. (பன்னிரண்டு. ஏழுதான் கதைக்கு எடுப்பாக இருக்கிறது.)

பக்கத்து மேசை ரோடெல் குரலைத் தாழ்த்தினான். "என்னோடதுல பாதி ஊத்திக்கோ. எனக்கு எண்பது வந்திருக்கு. நான் எண்பது காட்டினா டாக்டோராவே நம்ப மாட்டாங்க."

"உன் குளோரைடுல உன் வேர்வை நாத்தம் அடிக்கும்டா. முதல் மோப்பத்துலயே பிடிச்சிருவாங்க."

அவள் அறிக்கைத் தாளில் பதினொரு சதவீதம் என்று எழுதினாள்.

4

முதல் வரைவில் ஸ்டோர் ரூம்காரரையே எடுத்துவிட்டேன். பாட்டில் தானாக வந்தது. விளைவு, டாக்டோராவும் மெர்லிண்டாவும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் வாதாடினார்கள், பிரிக்க முடியவில்லை.

இரண்டாம் வரைவில் திபோ என்று ஒருவனைக் கொண்டுவந்தேன். குடிகாரன், மாறுகண், சீட்டாட்டப் பைத்தியம். எவ்வளவு பழி ஏற்றினாலும் தாங்கினான். அவனை எழுதுவது எனக்குப் பிபிங்கா என்ற அரிசிக் கேக் தின்பது போல இருந்தது.

ஆனால் அன்று அங்கே பிபிங்கா தின்றவன் திபோ இல்லை. வாழையிலையில் சுட்டது ஆறிப்போய்விடுமே என்ற அவசரத்தில், லேபிளைப் பார்க்காமல் பாட்டிலை நீட்டியவன்—

இரண்டு வரைவிலும் கதையை விட்டுக் கிளம்பிப் போன ஆள் ஒருவன்தான். அந்த ஸ்டோர் ரூமில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றேன்.

5

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன். டாக்டோரா 250 மில்லி பீக்கர் நிரம்ப அழுகிறார். கல்லூரிக்கு அரைநாள் விடுமுறை. இதை ஒரே காலையில் ரசித்து எழுதினேன். கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். டாக்டோரா மெர்லிண்டாவை அழைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். பாட்டில் என் கையில் இருந்தது. அப்போதுதான் கழுவியிருந்தேன்.

"புனல் சீறல, டாக்டோரா," என்றாள் மெர்லிண்டா. "கவனிச்சேன். கேக்காம விட்டுட்டேன். அது என் தப்பு."

"கேக்காததுதான் உன் தப்பு. சீறாததுக்கு நீ பொறுப்பில்ல," என்ற டாக்டோரா, அண்ணனைக் கூப்பிடும் எங்கள் ஊர்ச் சொல்லோடு என் பக்கம் திரும்பினார். "மனோங், அந்த பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

அன்று நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். ஜன்னலுக்கு உள்பக்கம் நீங்கள் வந்து நில்லுங்கள். பாட்டிலில் சாட்சி எதுவும் மிச்சமில்லை. டாக்டோரா காத்திருக்கிறார். பதில் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மெர்லிண்டா உங்களைப் பார்க்கவே இல்லை. தன் அறிக்கைத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.